நோயாளிகள் உள்ள வீட்டில் வெந்நீர்க் கருவி: தேர்வும் பராமரிப்பும்

நோயுற்றோர், முதியோர், கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் வெந்நீர் அன்றாடத் தேவையாகும். அதே வெந்நீர் சுடுநீர்க் காயம், மின்தாக்குதல், நச்சுவாயு என மூன்று வகை ஆபத்துகளுக்கும் காரணமாகலாம். கருவியின் விலையையும் கொள்ளளவையும் பார்ப்பதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் உடல்நிலையைக் கருத்தில் கொள்ளுங்கள். தேர்விலும் பராமரிப்பிலும் கவனிக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

• நீரிழிவு நோயால் கால்களில் உணர்ச்சி குறைந்தவர்கள்: நீரின் சூடு இவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் தோன்றிய பின்னரே காயம் ஏற்பட்டதை அறிவார்கள்.
• பக்கவாதம், மறதிநோய், வலிப்பு நோய் உள்ளவர்கள்: சூடு தெரிந்தாலும் உடனே விலக இயலாமல் போகலாம்.
• குழந்தைகளும் முதியோரும்: தோல் மெல்லியதாக இருப்பதால் குறைந்த நேரத்தில் ஆழமான காயம் ஏற்படும்.
• ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதயநோய் உள்ளவர்கள்: விறகுப் புகையும் எரிவாயுக் கழிவும் இவர்களை விரைவில் பாதிக்கும்.

எத்தனை டிகிரி பாதுகாப்பானது?

60 டிகிரி செல்சியஸ் நீர் பட்டால், ஏறத்தாழ 5 விநாடிகளில் ஆழமான காயம் ஏற்படக்கூடும். 55 டிகிரியில் இதற்கு அரை நிமிடம் ஆகும். 50 டிகிரியில் சில நிமிடங்கள் ஆகும். குளிப்பதற்கு 37 அல்லது 38 டிகிரி போதுமானது.

அவ்வாறாயின், கீசரையே 40 டிகிரியில் வைத்துவிடலாமே எனத் தோன்றலாம். அது சரியன்று. 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகும். அந்நீரின் நுண்துளிகளை ஷவரிலிருந்து சுவாசித்தால், நுரையீரல் நோயாளிகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கடுமையான நிமோனியா வரக்கூடும். 60 டிகிரி வெப்பத்தில் இக்கிருமி அழியும்.

ஆகவே, கலனில் நீர் சூடாகவும் உடலில் படும்போது மிதமாகவும் இருக்க வேண்டும். வாளியில் குளிப்பவர்கள் கீசரை 60 டிகிரியில் வைத்து, வாளியில் முதலில் தண்ணீரையும் பிறகு வெந்நீரையும் ஊற்றிக் கலக்க வேண்டும். ஷவரில் குளிப்பவர்கள், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வைப் பொருத்தி, வெளிவரும் நீர் 43 டிகிரியைத் தாண்டாதவாறு அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த வால்வு இல்லாத ஷவரை உணர்ச்சி குறைந்தவர்கள் தனியே பயன்படுத்தக் கூடாது.

எந்த வகைக் கருவி?

சேமிப்புக் கலன் கொண்ட மின் கீசர்: நோயாளிகள் உள்ள வீட்டிற்குப் பெரும்பாலும் பொருத்தமானது. வெப்பநிலையை நிர்ணயிக்கலாம், புகையோ நச்சுவாயுவோ இல்லை. 15 லிட்டர் கலனில் உள்ள 60 டிகிரி நீரை 25 டிகிரித் தண்ணீருடன் கலந்தால், 38 டிகிரியில் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். இது இரண்டு பெரிய வாளிகளாகும். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் குழாய் நீர் 12 டிகிரிக்குக் குறையும் நாளில் அதே கலன் சுமார் 28 லிட்டர் மட்டுமே தரும். அங்கு 25 லிட்டர் கலன் ஏற்றது. ஐ.எஸ். 2082 தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் உள்ளதா எனப் பாருங்கள். உயரமான அடுக்குமாடிக் கட்டடம் எனில், 8 பார் அழுத்தம் தாங்கும் கலனைக் கேளுங்கள்.

உடனடி மின் கீசர்: கலன் சிறியது, கை, முகம் கழுவவும் சமையலறைக்கும் போதும். நீரோட்டம் குறைந்தால் நீரின் சூடு திடீரென உயரும் என்பதால், பிறர் உதவியுடன் குளிப்பவர்களுக்கு ஏற்றதன்று.

எரிவாயு கீசர்: காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமும் மணமும் இல்லை. கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரைக் குழாய் வழியே மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர் இருந்தால் இவ்வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

சோலார் ஹீட்டர்: மின்செலவு குறைவு. ஆனால் கோடையில் கலனின் நீர் 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். கலப்பு வால்வு கட்டாயம் தேவை.

ஹீட்டர் ராடு: நோயாளிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது. வேறு வழியில்லை எனில், சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பின்னரே நீரைத் தொட வேண்டும். உலோக வாளியில் பயன்படுத்தக் கூடாது.

செம்பு பாய்லரும் விறகடுப்பும்: திறந்த முற்றத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கொதிக்கும் அண்டாவைத் தூக்கிச் செல்லும்போதே பல காயங்கள் ஏற்படுகின்றன. அடுப்பிலிருந்து குளியலறை வரை செல்லும் வழியில் குழந்தைகள் இல்லாதிருக்கச் செய்யுங்கள்.

பொருத்தும்போது

தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, எர்த் இணைப்புடன் தனி மின்வழியில் பொருத்துங்கள். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அவசியம். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

பராமரிப்பு

• மாதந்தோறும்: ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அதை உடனே மாற்றுங்கள்.
• ஆண்டுக்கு ஒருமுறை: அழுத்தம் விடுவிக்கும் வால்வு, தெர்மோஸ்டாட், மின்கம்பிகள் ஆகியவற்றைப் பணியாளரிடம் காட்டுங்கள். உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் சூடேற்றும் கம்பிச்சுருளில் படியும் சுண்ணாம்பு அடுக்கையும் நீக்கச் சொல்லுங்கள்.
• கலன் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியத் தண்டு தானே கரைந்து தேய்வது இயல்பு. ஆண்டுச் சோதனையில் இதையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.
• சில நாள்கள் வீடு பூட்டியிருந்தால்: நீரை 60 டிகிரி வரை சூடேற்றி, ஜன்னலைத் திறந்து, வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பிறகே நோயாளியைக் குளிப்பாட்டுங்கள்.
• கலனிலிருந்து நீர் கசிந்தாலோ, குழாயைத் தொடும்போது லேசான அதிர்வு உணரப்பட்டாலோ: மின்சாரத்தை அணையுங்கள், சரிசெய்யும் வரை பயன்படுத்தாதீர்கள்.

குளிப்பாட்டும்போது

நீரைக் கலக்கிய பின் உங்கள் முழங்கையை நனைத்துச் சூட்டைப் பாருங்கள். நீரிழிவு நோயாளியின் பாதத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். அவருக்கு வெந்நீர்ப் பை ஒத்தடமும் கொடுக்காதீர்கள். தனியே குளிப்பவரைக் கதவை உட்புறம் தாழிடாமல் சாத்தி வைக்கச் சொல்லுங்கள்.

குளிர் காலத்தில் அறையைச் சூடாக்குதல்

மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். கரி கனன்று அடங்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் இதைவிடப் பாதுகாப்பானது. அதைப் படுக்கையிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்து, மேலே துணி காயப்போடாதீர்கள்.

அவசர நிலையில்

சுடுநீர்க் காயம்: வளையல், மோதிரம், நனைந்த ஆடை ஆகியவற்றை உடனே அகற்றுங்கள், தோலில் ஒட்டியதை இழுக்க வேண்டாம். காயத்தின் மீது குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடங்கள் ஓடவிடுங்கள். உடலின் மற்ற பகுதிகள் குளிராதவாறு போர்த்துங்கள். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், மை, முட்டை வெண்கரு எதையும் பூசாதீர்கள். தூய துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் இருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நீரிழிவு நோயாளி எனில் சிறிய காயத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நச்சுவாயு: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை தோன்றினால், குறிப்பாக வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றினால், அனைவரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடைப் பிரித்தறியாது. அது இயல்பான அளவைக் காட்டினாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எரிவாயுக் கசிவு எனில், எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

மின்தாக்குதல்: முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அதன் பின்னரே பாதிக்கப்பட்டவரைத் தொடுங்கள். அவர் இயல்பாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவப் பரிசோதனை அவசியம்.