ரென் பறவை கிராஃப் ஏன் அப்படி ஏறுது?

பிரிட்டன்ல அதிகமா கூடு கட்டுற பறவை எது? காக்காவும் இல்ல, புறாவும் இல்ல. ரென். புதருக்குள்ள பூச்சி தேடித் திரியிற, சுமார் 10 கிராம் எடையுள்ள குட்டி.

அதோட எண்ணிக்கை கிராஃப் 1960-களின் நடுவுல அடிமட்டத்துல தொடங்கி, 70-களின் நடுப்பகுதி வரைக்கும் விறுவிறுன்னு ஏறும். பார்த்தா பெரிய வளர்ச்சி மாதிரி இருக்கும்.

கணக்கு தொடங்கின நேரத்தைப் பாருங்க. பிரிட்டிஷ் டிரஸ்ட் ஃபார் ஆர்னிதாலஜி 1962-ல பறவைக் கணக்கெடுப்பை ஆரம்பிச்சுது. பூச்சிக்கொல்லியும் மாறிவந்த விவசாயமும் பறவைகளை என்ன பண்ணுதுங்கிற கவலைதான் காரணம். அதனால முதல்ல வயல்வெளி. தன்னார்வலர்கள் நடந்தே போய், பாடுற பறவைகளை மேப்புல குறிச்சாங்க. காடுகள் சேர்ந்தது 1964-ல.

நடுவுல வந்தது 1962-63 குளிர்காலம். வாரக்கணக்கா பனி உறைஞ்சு கிடந்தது. பூச்சி கிடைக்காம, உடம்புச் சூடும் தங்காம ரென்கள் கொத்துக்கொத்தா செத்துப்போச்சு. சர்வர் கிராஷ் ஆன பிறகு மானிட்டரிங்கை ஆன் பண்ணா, டிராஃபிக் பிச்சுக்கிட்டு ஏறுற மாதிரிதானே தெரியும்? இங்கேயும் அதேதான். அது வளர்ச்சி இல்ல, இழந்ததை மீட்டது.

பிரிட்டன் அரசோட காட்டுப் பறவைக் குறியீடு 1970-ஐ 100-னு வெச்சுக்குது. அந்த வருஷம் ரென் இன்னும் ஏறி முடிக்கலை.