தெறிப்பலைகளும் புவியோட்டின் அமைப்பும்

1909 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8 ஆந் திகதி குரோசியாவின் குப்பா பள்ளத்தாக்கில் நிகழ்ந்த புவிநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்த மொகோரோவிசிச், புவியோட்டிற்குத் திட்டமான அடியெல்லை ஒன்று உண்டெனக் காட்டினார். அவருக்குச் சான்றளித்தவை முறிவுற்று வந்த அலைகளாகும். ஓட்டின் தடிப்பை அவை உணர்த்தினவேயன்றி, அதனுள்ளே பாறைகள் எவ்வாறு மடிந்தும் பிளந்தும் கிடக்கின்றன என்பதை உணர்த்தவில்லை.

அதனை அறிய உதவிய தெறிப்பு முறை, முதலாம் உலகப் போரின் பக்கவிளைவு எனலாம். பகைவரின் பீரங்கிகள் இருக்குமிடத்தை ஒலியலைகளைக் கொண்டு கணிக்கும் ஆராய்ச்சியில் அந்நாளில் ஈடுபட்டிருந்தவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் கார்ச்சர். வெடியதிர்வு நிலத்தினூடாகவும் பரவுவதைக் கண்ட அவர், 1921 இல் ஒக்லகோமாவின் ஆர்பக்கிள் மலைப்பகுதியில் வெடிவைத்து, சில்வன் களிப்பாறையும் வியோலா சுண்ணக்கல்லும் சந்திக்கும் எல்லையிலிருந்து தெறித்து மீண்ட அலைகளைப் பதிவு செய்தார். ஆனால் அவ்வாண்டில் எண்ணெய் விலை வீழ்ந்தமையால் முயற்சி கைவிடப்பட்டது. அறிவியலின் போக்கைச் சந்தை நிர்ணயித்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று. அப்பதின்ம ஆண்டின் இறுதியிலேயே எண்ணெய்க் கம்பனிகள் இம்முறையை மீண்டும் கையேற்றன.

அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இக்கருவி எண்ணெய் தேடுவோர் வசமே பெரிதும் இருந்தது. அவர்களுக்கு வேண்டியவை மேற்படைகளே. ஆதலால் வெடிக்குப்பின் நான்கைந்து செக்கன்களில் பதிவை நிறுத்திவிடுவர். அலை செக்கனுக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 10 செக்கனில் மீளும் அலை 30 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வந்ததாகும். ஓட்டின் அடிவரை அறியவேண்டின், முதற்கண் இன்னுஞ் சற்று நேரம் காத்திருந்து கேட்கவேண்டும்! கோணெல் பல்கலைக்கழகத்தின் ஜக் ஒலிவரும் சிட்னி கவ்மனும் முன்னின்று நடத்திய கண்ட ஆய்வுத்திட்டம் 1975 இல் ரெக்சாசில் செய்தது இதுவே. வெடிகளுக்குப் பதிலாகப் பாரிய வண்டிகள் தட்டுகளை நிலத்தில் அழுத்தி அதிரச்செய்தன. பதிவோ 15 செக்கனையும் எட்டியது.

இத்திட்டம் அளித்த முடிவுகளுள் தலையாயது தெற்கு அப்பலாச்சிய மலைகள் பற்றியது. அம்மலைகளின் பளிங்குருப் பாறைகள் ஆழத்தில் வேரூன்றியவை என்ற கருத்து வலுவாயிருந்தது. 1979 இல் வெளியான குறுக்குவெட்டு, அவை 6 முதல் 15 கிலோமீற்றர் வரை தடித்த மென்தகடாக, அடையற்பாறைகளின்மேல் குறைந்தது 260 கிலோமீற்றர் மேற்கு நோக்கித் தள்ளப்பட்டவை எனக் காட்டியது. கண்டங்கள் மோதும்போது நிகழ்வது யாதென்ற வினாவையே அது மாற்றியமைத்தது.

எனினும் எதிரொலி பாறையன்று. அதன் பொருள் ஊகித்தறியப்படுவது. தென் ஜேர்மனியில் 1990 முதல் 1994 வரை தோண்டப்பட்ட ஆழ்துளை 9,101 மீற்றரை எட்டியது. சரிந்து செல்லும் ஒரு தெறிப்புத்தளம் சுமார் 7,000 மீற்றரில் நொறுங்கிய பிளவுவலயமாகவே எதிர்ப்பட்டது. ஆனால் அதற்கு மேலே, மெல்லிய தகடொன்றின் அடியாக எதிர்பார்க்கப்பட்டிருந்த எல்லை எங்கும் காணப்படவில்லை.