பொதியிடப்பட்ட இனிப்புகளும் சிறுநீரக நோயாளர் உணவுமுறையும்

சிறுநீரக நோயாளர் உணவுமுறை என்பது நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களின் குருதியில் பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம் ஆகியன மிகாமல் காக்க வகுக்கப்படும் உணவுத் திட்டமாகும். பொதியிடப்பட்ட இனிப்பு ஒன்று இதற்குப் பொருந்துமா என்பதைச் சர்க்கரை அளவைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. உடலுக்கு நல்லவை எனப் பொதுவாகக் கருதப்படும் வெல்லம், வாழைப்பழம், பேரீச்சை, பால், நிலக்கடலை ஆகியவையே இங்குக் கூடுதல் கவனத்துக்குரியவை.

பழுதுற்ற சிறுநீரகத்தால் மிகைப் பொட்டாசியத்தை முழுமையாக வெளியேற்ற முடிவதில்லை. குருதியில் அது மிகுந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, திடீர் மரணமும் நேரலாம். பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்புகள் நலிவடைவதுடன் குருதிக்குழாய்களில் சுண்ணாம்பும் படியும். எனினும் பொட்டாசியக் கட்டுப்பாடு எல்லா நோயாளருக்கும் தேவைப்படுவதில்லை. குருதிச் சோதனையின் முடிவைப் பார்த்து மருத்துவரே அதனை முடிவு செய்வார்.

விவரச்சீட்டைப் படித்தல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவற்றின் அளவுகள் பொதியின் மீது அச்சிடப்படுகின்றன. பொட்டாசியமும் பாஸ்பரசும் இக்கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே, எடையின் இறங்குவரிசையில் தரப்படும் சேர்பொருள் பட்டியலே நோயாளருக்கு மிகவும் பயன்படுகிறது.

அப்பட்டியலில் 338 முதல் 343 வரையும், 450 முதல் 452 வரையும் உள்ள சேர்க்கை எண்கள் பாஸ்பேட்டுகளைக் குறிக்கும். கேக்கை உப்பச் செய்யும் பொடியிலும், காய்ச்சாமலே உறையும் புட்டிங் கலவைகளிலும் இவை இடம்பெறுவதுண்டு. கடலை போன்ற தாவர உணவிலுள்ள பாஸ்பரசில் பாதிக்கும் குறைவாகவே உடல் ஈர்த்துக்கொள்கிறது. சேர்க்கைப் பாஸ்பேட்டோ பெரும்பாலும் முழுமையாக ஈர்க்கப்படுகிறது. 508 என்பது பொட்டாசியம் குளோரைடு ஆகும்.

திருப்பூர் வட்டார எடுத்துக்காட்டுகள்

திருப்பூர் பின்னலாடைத் தொழிற்பகுதியில் தீபாவளி போனசுடன் இனிப்புப் பெட்டி வழங்குவதும், அருகிலுள்ள பழனிக்குச் சென்று திரும்புவோர் பஞ்சாமிர்த டப்பாக்களை உறவினர்க்குப் பகிர்வதும் வழக்கம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியன சேர்கின்றன. பேரீச்சையும் கற்கண்டும் சேர்ப்பதுண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. சுத்திகரிக்கப்படாத நாட்டுச் சர்க்கரையில் கரும்பின் பொட்டாசியம் பெருமளவு தங்கிவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரையில் அது ஏறத்தாழ இல்லை. பிரசாதமாக ஒரு சிறு கரண்டி உண்பது வேறு, கிண்ணத்தில் இட்டு உண்பது வேறு.

பால்கோவா பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யப்படுவதால் பாலின் பாஸ்பரசும் பொட்டாசியமும் அதில் செறிந்திருக்கும். "சர்க்கரை சேர்க்காதது" என விற்கப்படும் பேரீச்சை உருண்டைகளும் பொட்டாசியம் மிக்கவையே. மாறாக, வெள்ளைச் சர்க்கரையும் மாவும் கொண்ட எளிய இனிப்புகளில் இத்தாதுக்கள் குறைவு. ஆயினும் சிறுநீரக நோய்க்கு நீரிழிவே முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகையால், பலருக்கு இவ்வழியும் அடைபட்டுள்ளது.

குருதிச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) செய்துகொள்வோருக்குப் பாயசம், ஐஸ்கிரீம் போன்றவை அன்றைய நீர் அளவிலும் சேர்த்துக் கணக்கிடப்படும்.