சத்து மாத்திரைகள் இரைப்பைப் புற்றுநோயைத் தடுக்குமா?

சென்னை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்றாகும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டபின், மற்றவர்கள் வைட்டமின், செலினியம், பூண்டு மாத்திரைகளை உட்கொள்ள விரும்புவது இயல்பு. அதற்கு முன் பின்வருவனவற்றை அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆய்வு எவ்வாறு நடத்தப்படுகிறது?

பங்கேற்போர் குலுக்கல் முறையில் பிரிக்கப்படுவர். ஒரு பிரிவினருக்குச் சத்து மாத்திரையும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய, மருந்தற்ற மாத்திரையும் வழங்கப்படும். புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் ஆவதால், கண்காணிப்பும் பல ஆண்டுகள் நீடிக்கும்.

ஆய்வு முடிவுகள்

• சீனாவின் லின்சியான் பகுதியில் 1986 முதல் 1991 வரை சுமார் 29,500 பேரிடம் ஆய்வு நடைபெற்றது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றைச் சேர்த்து உட்கொண்டோரிடம் இரைப்பைப் புற்றுநோய் இறப்பு 21 விழுக்காடு குறைந்தது. எனினும், அப்பகுதி மக்களிடம் ஊட்டச்சத்துக் குறைபாடு மிகுதியாக இருந்தது. எனவே இம்முடிவு அனைவருக்கும் பொருந்தாது.

• சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில் 1995-இல் தொடங்கிய ஆய்வில், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு இரண்டு வார மருந்து பெற்றோரிடம், 22 ஆண்டுகளில் இந்நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வைட்டமின்களும் பயனளித்தன. பூண்டு மாத்திரையால் புதிதாக நோய் உண்டாவது தெளிவாகக் குறையவில்லை.

யாருக்குத் தீங்கு நேரலாம்?

அமெரிக்காவில் புகைபிடிப்போர், கல்நார் தூசியில் பணிபுரிந்தோர் ஆகியோரிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியது. ஆய்வு 1996-இல் நிறுத்தப்பட்டது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் துறைமுக, ஆலைத் தொழிலாளர்களுள் புகைபிடிப்போரும் கல்நார் தூசிக்கு உள்ளானோரும் இம்மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளுதல் கூடாது.

செய்ய வேண்டியவை

• புகையிலை, மது ஆகியவற்றைத் தவிர்க்கவும். கருவாடு, ஊறுகாய், உப்புக்கண்டம் ஆகியவற்றைக் குறைத்து, காய்கறி, பழங்களைக் கூட்டவும்.
• நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருப்பின், கிருமிப் பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் கேட்கவும்.
• சிகிச்சை பெறுவோர் தாம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். இரைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு மருத்துவர் பரிந்துரைத்த வைட்டமின் பி12, இரும்புச்சத்து ஆகியவற்றை நிறுத்த வேண்டாம்.
• நீடித்த வயிற்றுவலி, காரணமற்ற எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியவை இருப்பின் தாமதமின்றி மருத்துவமனையை அணுகவும். வடசென்னை மக்கள் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.