நாங்கள் கீறின நீலோற்பலம்

ஆறாம் வகுப்பில் தேசிய மலரைக் கீறச் சொன்னார்கள். கடும் ஊதா நிறம் அடித்து, இதழ்களை நெருக்கமாகப் போட்டு முழுப் புள்ளி வாங்கினேன். பிறகுதான் தெரிந்தது, நான் கீறினது வேறு பூ!

1986இல் நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலரானது. தாவரவியல் பெயர் நிம்ஃபயா நௌசாலி. ஆனால் காலப்போக்கில் புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் ஏறின படம் வேறொன்று. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் தீப்தி யாக்கந்தாவலவும் அவரோடு ஆராய்ந்தவர்களும்தான் இந்தப் பிழையை வெளியே கொண்டுவந்தார்கள். நாங்கள் 'நில் மானெல்' எண்டு நம்பின கடும் ஊதாப்பூ, வெளிநாட்டு இனங்கள் கலந்த ஒரு கலப்பு. நாட்டு இனத்தின் பூ வெளிர் நீலம், இதழும் குறைவு. பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். வடிவான பூவைத்தானே ஆட்கள் தொட்டியில் வளர்ப்பார்கள், விகாரைக்கு விற்பார்கள்? அப்படி அது குளங்களுக்கும் போய்விட்டது. அதைத் தேசிய மலர் எண்டு நினைத்துக் காப்பாற்றினால், உண்மையானதை நாங்களே வெளியேற்றுகிறோம்.

இது எனக்கு ஊர்ப்பிரச்சினையும்தான். சங்கப் பாடல்களில் இயற்கையை ஆராய்ந்த தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்தது எங்கள் கரம்பொன்னில். கடற்கரைத் திணைக்குப் பெயர் நெய்தல். அந்த நெய்தலை ஆய்வாளர் பலர் இந்த நீல அல்லி எண்டுதான் சொல்கிறார்கள். உப்புக் கடலோர நிலத்துக்கு நன்னீர்ப்பூவின் பெயரா? தீவாருக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சுற்றிவரக் கடல், கன கிணறுகளில் உவர். மாரி மழை தேங்குகிற குளந்தான் நல்ல தண்ணீர். கோடையில் குளம் வெடித்துக் கிடக்கும்போது கிழங்கு சேற்றுக்குள் காத்திருக்கும், ஐப்பசி மழைக்கு இலை விடும். குளத்தைக் குப்பை போட்டு மூடினால் அந்தக் காத்திருப்பும் முடிந்தது.

போன மார்கழி ஊருக்குப் போனபோது குளத்தில் நாலைந்து பூ. வெளிர் நீலம் மாதிரித்தான் இருந்தது. படம் எடுத்து, பேராதனையில் படிக்கிற தோழிக்கு அனுப்பினேன்.

"இதழை எண்ணினியா? இலையின்ர பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு" என்றாள்.

செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.