மறுப்புக் கடிதம் முடிவன்று

‘குறைபாடு படைப்பணியால் நேர்ந்ததும் அன்று, அதனால் மோசமடைந்ததும் அன்று.’ இயலாமை ஓய்வூதியம் கோரும் முன்னாள் படைவீரர்கள் பலருக்கு வரும் மறுப்பின் சாரம் இவ்வளவே. திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களுக்கு அக்கடிதம் வந்து சேரும்போது, அரசின் இறுதிச் சொல் அதுவே என்று எண்ணி ஓய்ந்துவிடுவோர் உண்டு. அப்படி ஓய்ந்துவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பதே இங்கு அடிப்படைக் கேள்வி. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாக விடையளித்தது. படையில் சேரும்போது மருத்துவப் பதிவேட்டில் நோய்க்குறிப்பு எதுவும் இல்லையெனில், அவர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் தோன்றிய நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என நிறுவுவது அரசின் பொறுப்பு. மருத்துவ வாரியம் காரணம் கூறாமல் மறுத்தல் ஆகாது. ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே.

இத்தீர்ப்பு 1982ஆம் ஆண்டு விதிகளைச் சார்ந்தது. 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின் கீழ் வருவோர், அவற்றைத் தனியே ஆராய்ந்து வாதிட வேண்டும். விடுப்பில் இருந்தபோது பணித்தொடர்பின்றி நேர்ந்த விபத்துக்கும் இச்சலுகை தானாகக் கிடைத்துவிடாது.

மறுப்புக்கு எதிராக ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. அதற்கும் அப்பால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. காலம் கடந்தவர்களும் மனம் தளர வேண்டாம். ஓய்வூதிய மறுப்பு தொடர்ந்து நிகழும் தவறு என்பதால் தாமதம் மட்டுமே கோரிக்கையை வீழ்த்திவிடாது. ஆனால், நிலுவைத்தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும் என்பது 2008ஆம் ஆண்டு தர்சேம் சிங் வழக்கின் தீர்ப்பு. தாமதத்தின் விலை அது.

சேர்க்கைக்கால மருத்துவப் பதிவு, படை மருத்துவமனைச் சான்றுகள், பணியிட ஆணைகள், மருத்துவ வாரிய அறிக்கை ஆகியவையே வழக்கின் உயிர். கைவசம் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கோரலாம்.

எனினும், தன் உடல்நிலை குறித்த அறிக்கையைப் பெறவே ஒருவர் மனுப்போட்டுக் காத்திருப்பது முறையன்று. மறுப்புக் கடிதத்துடன் வாரியத்தின் முழு அறிக்கையையும், மேல்முறையீட்டுக் கெடுவை விளக்கும் தமிழ்க் குறிப்பையும் இணைத்து அனுப்புவது அரசுக்குப் பெருஞ்செலவன்று. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் அக்கெடு கடக்குமுன் அவர்களை நினைவூட்டி அழைக்கலாம். எல்லையில் காவல் நின்றவரை ஆவணத்துக்காக அலையவிடுவது நன்றியாகாது.