மூன்று சொட்டு நேர்வாளம்

முகத்தில் ஆசிட்! கேட்டவுடன் பகீர் என்கிறதா? நகரத்துத் தோல் சிகிச்சை மையங்களில் அதையேதான் ‘கெமிக்கல் பீல்’ என்று நாசூக்கான பெயர் வைத்து, அப்பாயின்ட்மென்ட் கொடுத்துப் பூசுகிறார்கள். தோலின் மேல் அடுக்கை அளவோடு காயப்படுத்தினால் அது உரிந்து விழும். அடியிலிருந்து புதுத் தோல் வளரும். பாம்பு சட்டை உரிக்கிற சமாசாரம்தான். ஆனால், இதன் சரித்திரத்தைத் தோண்டினால் நம்ம ஊர் மண் வாசனை அடிப்பதுதான் வேடிக்கை!

கிளியோபாட்ரா கழுதைப் பாலில் குளித்தாள் என்பார்கள். அது கதையாகவே இருக்கட்டும். பால் புளித்தால் உண்டாகும் லாக்டிக் அமிலம் நிஜம். கடலைமாவில் தயிரைக் குழைத்து முகத்தில் அப்பிய நம் பாட்டிக்கும் அது தெரியும், பெயர்தான் தெரியாது. தயிர் சாது. அடுத்து வந்தது முரட்டு ஆசாமி.

1834-ல் ஜெர்மன் வேதியியலாளர் ரங்கே, நிலக்கரித் தாரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கார்பாலிக் அமிலம். பினால் என்பதும் இதுவே. பழைய ஆஸ்பத்திரி வாசனை என்று உங்கள் மூக்கு ஞாபகம் வைத்திருக்கிறதே, அது! 1865-ல் ஜோசப் லிஸ்டர் இதைக் கொண்டு புண்ணில் சீழ் பிடிக்காமல் தடுத்தார். 1871-ல் லண்டனில் டில்பரி ஃபாக்ஸ், தோலின் கறுமையைக் குறைக்கப் பூசிப் பார்த்தார். 1882-ல் ஜெர்மனியின் உன்னா, சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால் என்று பட்டியலை நீட்டினார்.

இங்கே கொஞ்சம் கம்மாபுரம் பக்கம் வாருங்கள். கடலூர் மாவட்டத்தில், நெய்வேலி சுரங்கத்தின் அண்டை ஊர். இந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்க 1956-ல் நிறுவனம் வந்தது. 1960-களில் கரியாக்கும் ஆலையும் வந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப் படாமல் சூடாக்கினால் புகையில்லாத ‘லெக்கோ’ கரி கிடைத்தது. கூடவே தார். அந்தத் தாரிலிருந்து என்ன எடுத்தார்கள் தெரியுமா? அதே கார்பாலிக் அமிலம்! ஆலை பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. நெய்வேலி சரக்குதான் ஹாலிவுட் முகங்களுக்குப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே வம்சம், அவ்வளவுதான்.

ஹாலிவுட் என்றேன் அல்லவா? அங்கே பல வருஷங்கள் இந்த பீல் டாக்டர்கள் கையில் இல்லை. படிப்பில்லாத அழகுக் கலைக்காரர்கள், ரகசிய ஃபார்முலா வைத்துக்கொண்டு வயதான நட்சத்திரங்களின் சுருக்கங்களை உரித்தார்கள். 1960-களின் தொடக்கத்தில்தான் மயாமி நகர சர்ஜன் தாமஸ் பேக்கர், சகா கார்டனோடு சேர்ந்து ஃபார்முலாவைப் பகிரங்கமாக எழுதினார். பினால் 3 மி.லி., தண்ணீர் 2 மி.லி., திரவ சோப் 8 சொட்டு, குரோட்டன் எண்ணெய் 3 சொட்டு.

அந்தக் கடைசி ஐட்டம் யார்? சாட்சாத் நம்ம நேர்வாளம்! சித்த வைத்தியத்தில் கடும் பேதிக்குப் பேர்போன கொட்டை. சுத்தி செய்யாமல் வைத்தியர் தொடமாட்டார். சென்னையில் கம்பெனி டாக்டராக இருந்த ஐன்ஸ்லி, 1826-ல் லண்டனில் வெளியிட்ட மருந்து நூலில் இதைத் தமிழ்ப் பெயரோடு சேர்த்திருக்கிறார். பேக்கர் ஃபார்முலாவில் வேலை செய்வது பினால்தான், எண்ணெய் சும்மா துணைக்கு என்று சுமார் 40 வருஷம் நம்பினார்கள். 2000-ல் கிரிகரி ஹெட்டர் என்ற அமெரிக்க சர்ஜன், எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: எவ்வளவு ஆழத்துக்குத் தோல் வேகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பதே அந்த மூன்று சொட்டுதான்!

சரி, சரக்கு நம்முடையது என்பதால் சிகிச்சையும் நமக்குப் பொருந்துமா? ம்ஹூம்! இங்கேதான் நீங்கள் உஷாராக வேண்டும்.

பினால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால் இசிஜி கருவியை மாட்டி, முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இடைவெளி விட்டுத்தான் பூசுவார்கள். அதோடு, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களையும் அது முடக்கிவிடும். வெள்ளைக்காரி முகத்தில் அது பீங்கான் பளபளப்பு. நம் பழுப்புத் தோலிலோ, கழுத்து ஒரு நிறம், கன்னம் வேறு நிறம்!

1975-ல் ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். முதலில் நான்கே வகை, எல்லாம் வெள்ளைத் தோல். பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகையாகப் பிற்பாடுதான் பட்டியலில் ஏறின. ஆக, பழைய ஃபார்முலாக்கள் யார் முகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்று புரிகிறதல்லவா?

நல்ல வேளையாக, 1974-ல் வான் ஸ்காட், யூ என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சாதுவான அமிலங்களின் குணத்தை எழுதினார்கள். அவற்றில் ஒன்று கிளைக்காலிக், கரும்பில் இருப்பது. நம் ஊர் டாக்டர்கள் பெரும்பாலும் இதையோ, லாக்டிக், சாலிசிலிக் அமிலங்களையோதான், சில வார இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறார்கள். பருத் தழும்பின் கறை, மங்கு இதெல்லாம் குறையும். அதற்கும் அவசரப்பட்டால், அல்லது பூசிய கையோடு வெயிலில் அலைந்தால், போன கறுப்பு வட்டியோடு திரும்பும்.

ஒன்று மட்டும் எந்த அமிலத்தாலும் ஆகாது. பிறந்த நிறத்தை மாற்றுவது. 1975-ல் வந்த பிரபல ‘சிவப்பழகு’ க்ரீமே 2020-ல் பெயரிலிருந்து அந்த வார்த்தையை உதறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள்தான் இன்னும் உதறவில்லை.

எனவே, போகிறவர்கள் தோல் டாக்டரிடமே போங்கள். எந்த அமிலம், எத்தனை சதவிகிதம், என் நிறத்துத் தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று, “கொஞ்சம் ஸ்ட்ராங்காவே போட்டுடுங்க டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!